சந்தேகத்தின் செலவு

மாதம் பிறந்ததும் கைபேசியில் வந்து விழும் பில்லை நாம் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்கிறோம். இவ்வளவு யூனிட், இவ்வளவு லிட்டர், இவ்வளவு ரூபாய். கொஞ்சம் நின்று பார்த்தால் அதற்குள் ஒரு வழக்கே இருக்கிறது. "நீ இவ்வளவு எடுத்தாய், ஆகவே இவ்வளவு கொடு" என்று ஒரு தரப்பு சொல்கிறது. அதற்கு ஒரே சாட்சி மீட்டர். அந்தச் சாட்சியை வாங்கி வந்தவர், மாட்டியவர், சீல் வைத்தவர், அது என்ன சொன்னது என்று நமக்குப் படித்துச் சொல்பவர் எல்லோரும் பணம் கேட்கும் தரப்பே. எண் வழக்கம்போல இருக்கும்வரை இது யாரையும் உறுத்துவதில்லை.

எண் திடீரென்று ஐந்து மடங்காகும்போதுதான் கேள்வி எழுகிறது. நிரூபிக்க வேண்டியது யார்? "நான் எடுக்கவில்லை" என்று நானா, "நீ எடுத்தாய்" என்று அவர்களா? பார்க்கப்போனால் இது வீட்டுக் கணக்குச் சமாசாரம். ஆனால் ஒரு மனிதர் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதும் ஒரு கருவி அவரைப் பற்றிச் சொல்வதும் முரண்படும்போது எதை நம்புவது என்ற பெரிய கேள்வி, இந்தச் சின்ன இடத்தில்தான் நம்மில் பெரும்பாலோருக்கு முதல்முறையாக எதிர்ப்படுகிறது.

பழைய சந்தையில் இதற்கு ஒரு தீர்வு இருந்தது. காய்க்காரர் தராசைத் தூக்கும்போது வாங்குபவரும் முள்ளைப் பார்க்கலாம். சந்தேகமாக இருந்தால் வெறும் தட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லலாம். எடைக்கல்லைத் திருப்பி அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தராசைத்தான் உவமையாக எடுத்தார். தராசு முதலில் தன்னைச் சமப்படுத்திக்கொண்டு, பிறகுதான் அடுத்ததை எடை போடுகிறது. அந்த உவமையின் நுட்பம் இந்த வரிசையில் இருக்கிறது. இன்றைக்கும் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இதையேதான் கேட்கிறது. விற்பவர் தன் எடைக்கல்லுக்குத் தானே சான்று கொடுத்துக்கொள்ள முடியாது. வெளியாள் ஒருவர் சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும்.

ஆக, சந்தைத் தராசுக்கு மூன்று குணங்கள். இரண்டு தரப்புக்கும் அது கண்ணில் படும். மூன்றாவது ஆள் ஒருவர் அதைச் சோதித்திருப்பார். சந்தேகப்பட வாங்குபவருக்குக் காலணா செலவில்லை. நம் வீட்டு மீட்டர்களில் இந்த மூன்றும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன.

*

நான் குடியிருப்பது சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய 84 வீடுகள் கொண்ட அடுக்ககம். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியும். கோடையில் போர்வெல் கையை விரித்துவிடும், லாரிதான் கதி. முன்பு மொத்தச் செலவையும் சதுர அடிக் கணக்கில் பிரித்துக்கொண்டிருந்தோம். தனியாக இருப்பவரும் ஆறு பேர் இருப்பவரும் ஒரே தொகை கட்டுவது நியாயமில்லை என்று பேசிப் பேசி, எல்லா வீட்டுக்கும் மீட்டர் மாட்ட முடிவானது. நல்ல முடிவுதான், நானும் கை தூக்கினேன். நம் அடுக்ககங்களில் ஒரு வீட்டுக்கு ஒரே குழாய் வருவதில்லை. சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என்று நாலைந்து இடத்தில் இறங்கும். என் வீட்டுக்கு நாலு மீட்டர்கள். எல்லாம் குழாய்ச் சந்தில் ஒரு பெட்டிக்குள், பூட்டும் சீலும் போட்டு. கணக்கு தானாக சர்வருக்குப் போகும், நமக்கு ஆப்பில் தெரியும்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். மாதம் 10,500 லிட்டர் அளவில் ஆகும். 12,000 லிட்டர் வரை லிட்டருக்கு 12 காசு, அதற்கு மேல் 25 காசு. சுமார் 1,260 ரூபாய் வந்துகொண்டிருந்தது. ஓராண்டு கழித்து ஒரு மே மாதத்துக்கு வந்த பில் 31,400 லிட்டர், 6,290 ரூபாய். நாள் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல். இருபது லிட்டர் கேன் கணக்கில் ஐம்பது கேன். அந்த மாதத்தில் ஒன்பது நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தோம் என்பது கூடுதல் தகவல்.

சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. சம்பளமில்லாத அந்த வேலையை மனசாட்சியோடு செய்பவர். அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

"ஊருக்குப் போறப்ப டேப்பைச் சரியா மூடினீங்களா சார்?"

"மூடினேன் சார். மூடலைன்னா ஒன்பது நாள்ல கீழ் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருக்குமே."

"ஃப்ளஷ் டேங்க் லீக் ஆகியிருக்கலாம். சத்தமே கேக்காது. மீட்டர் அப்படித்தானே காட்டுது?"

மீட்டர் அப்படித்தான் காட்டுகிறது. அடுத்த ஐந்து வாரத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடமிருந்து கேட்டேன் என்று எண்ணவில்லை. பிளம்பரை அழைத்துக் காட்டினேன், ஒழுக்கு எதுவும் இல்லை. மீட்டர் வைத்த நிறுவனத்திடம் மணிவாரியான கணக்கைக் கேட்டேன். அது சங்கத்துக்குச் சொந்தம், தனி வீட்டுக்குத் தர இயலாது என்று பதில் வந்தது. சங்கத்திடம் கேட்டேன். ஒருவருக்குக் கொடுத்தால் 84 பேருக்கும் கொடுக்க வேண்டிவரும் என்றார்கள். பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்றேன். சீலை நீங்கள் தொட்டால் அபராதம், நாங்கள் திறந்தால் ஆள் வருகைக் கட்டணம், மீட்டரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்ப மூவாயிரம் ரூபாய் முன்பணம், மீட்டரில் பழுது என்று தெரிந்தால் திருப்பித் தருவோம் என்றார்கள்.

இதற்கிடையில் ஒரு சோதனையும் நடந்தது. நிறுவனத்தின் ஆள் வந்து, பின்பக்கக் குளியலறைக் குழாயிலிருந்து ஐந்து கேன் பிடித்தார். நூறு லிட்டர். ஆப்பில் நூறு ஏறியது. "பாத்தீங்களா சார், கரெக்டா இருக்கு." சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் வழக்கு முடிந்துவிட்டது.

என் தொழிலில் இதற்குப் பழகிய பெயர் உண்டு. வாடிக்கையாளர் ஒரு பிழையைச் சொல்வார். நாம் நம் மேசையில் ஓட்டிப் பார்ப்போம். ஒழுங்காக ஓடும். 'மறுபடி நிகழவில்லை' என்று எழுதிப் புகாரை மூடிவிடுவோம். இன்று, இந்த நிமிடம், சாதாரண ஓட்டத்தில் மீட்டர் சரியாக எண்ணுகிறது என்பதுதான் அந்த ஐந்து கேன் நிரூபித்தது. வீடு பூட்டியிருந்த ஒன்பது நாளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தைப் பேச வேண்டுமானால் அவையில் ஏற்கெனவே தோற்றவன் தொடர்ந்து பேச வேண்டும். அது எளிதல்ல. பில்லை மறுப்பவனுக்கு நம் ஊரில் ஒரு முகம் உண்டு: கஞ்சன், சண்டைக்காரன், "அஞ்சாயிரத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று கேட்கப்படுகிறவன்.

கடைசியில் பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே இருந்த மீட்டர்கள் சாதாரண இயந்திர மீட்டர்கள்தான். கண்ணாடிக்குள் எண் சக்கரம், மேலே எண்ணி அனுப்பும் ஒரு சின்னக் கருவி. பின்பக்கக் குளியலறை மீட்டரின் தூசியைத் துடைத்து எண்ணைப் படித்தோம்: 41,210. சர்வரில் அதே மீட்டருக்கு இருந்த எண் 64,510. வித்தியாசம் 23,300 லிட்டர். மாட்டிய நாளில் இரண்டும் பூஜ்யம். 31,400இல் அதைக் கழித்தால் 8,100. வீட்டில் இருந்த நாட்களுக்கு அது சரியான கணக்கு.

நடந்தது இதுதான். சக்கரத்தில் ஒரு குட்டிக் காந்தம் இருக்கும். ஒரு லிட்டருக்கு ஒருமுறை அது ஒரு சுவிட்சைக் கடக்கும், சுவிட்ச் மூடித் திறக்கும், ஒன்று என்று எண்ணப்படும். நாங்கள் ஊருக்குக் கிளம்பியபோது காந்தம் சுவிட்சின் விளிம்பில் போய் நின்றிருக்கிறது. அழுத்தத் தொட்டியில் காற்று போயிருந்ததால் கட்டடத்தின் பம்ப் நிமிடத்துக்கு நிமிடம் நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு உதறலுக்கும் குழாய்க்குள் தண்ணீர் ஒரு நூல் முன்னால் போய்ப் பின்னால் வரும். சக்கரம் அதை முன்னும் பின்னுமாகக் கழித்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கும். திசை தெரியாத ஒற்றைச் சுவிட்சோ ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு லிட்டராக எண்ணும். வீட்டில் ஆள் இருந்து ஒரு வாளி பிடித்திருந்தால் காந்தம் விளிம்பை விட்டு நகர்ந்திருக்கும். யாரும் இல்லாததால்தான் பில் ஏறியது.

வந்திருந்த ஆள் மெல்லச் சொன்னார்: "சில இடத்துல இப்படி வரும் சார்."

*

சில இடத்தில் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஒரு வரியில் என் கேள்விக்கான பதிலின் பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கருவி பொய் சொல்லவில்லை. சக்கரம் தண்ணீரைச் சரியாக அளந்தது. சுவிட்ச் தான் எத்தனை முறை மூடித் திறந்தது என்பதைச் சரியாகச் சொன்னது. 'நீங்கள் 31,400 லிட்டர் தண்ணீர் செலவழித்தீர்கள்' என்ற வாக்கியத்தை இரண்டுமே சொல்லவில்லை. அதை எழுதியது, இத்தனை துடிப்பு என்றால் இத்தனை லிட்டர் என்று முடிவுசெய்த ஒரு மனிதக் கூட்டம். வடிவமைத்தவர், இரண்டு சுவிட்ச் வேண்டாம் ஒன்று போதும் என்று விலை குறைத்தவர், பூட்டிய வீட்டில் ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை ஏறினால் எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று யோசிக்காத நிரல் எழுத்தாளர். "மீட்டர் அப்படித்தானே காட்டுது" என்று நாம் சொல்லும்போது அத்தனை பேரின் முடிவுகளும் ஒரு பொருளின் பெயருக்குப் பின்னால் மறைந்துகொள்கின்றன. மனிதர் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்போம். பொருள் சொன்னால் வாயடைத்துப்போகிறோம்.

இந்த வாயடைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் காலத்தின் பெரிய உதாரணம் பிரிட்டனின் தபால் துறை. 1999இல் தொடங்கிக் கிளை அஞ்சலகங்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. கிளைகளில் கணக்கு உதைத்தது. பணம் குறைகிறது என்று திரை சொன்னது. அதன் அடிப்படையில் திருட்டு, மோசடி, பொய்க் கணக்கு என்று 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண் 2010இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். தொலைபேசியில் உதவி கேட்ட பலரிடம் "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சனை" என்று சொல்லப்பட்டது. மென்பொருளை உருவாக்கிய ஃபுஜிட்சுவிடமோ தெரிந்த பிழைகளின் பட்டியலே இருந்தது. 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில் 2019 டிசம்பரில்தான் நீதிமன்றம் மென்பொருளின் பிழைகளை ஒப்புக்கொண்டது. மிஸ்ரா உள்ளிட்ட 39 பேரின் தண்டனைகள் 2021 ஏப்ரலில் ஒரே நாளில் ரத்தாயின.

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஒரு சட்டத் திருத்தம். அந்நாட்டின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 69ஆம் பிரிவு, கணினி தரும் ஆவணத்தைச் சாட்சியமாக வைப்பவர், அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்பதையும் காட்ட வேண்டும் என்று கேட்டது. இது வீண் தொல்லை, கணினிகள் பொதுவாக ஒழுங்காகத்தானே இயங்குகின்றன என்று சொல்லி, 1999இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதன்பின் கணினி சரியென்றே தொடங்கும், தவறென்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். ஹொரைசன் வந்த அதே ஆண்டு. கிளைக்காரர் எதைக் காட்டுவார்? பிழைப் பட்டியல் எதிராளியின் அலமாரியில் இருக்கிறது.

சொல்லப்போனால் இது நமக்குப் பழைய கதைதான். மதுரையில் பொற்கொல்லன் ஒருவனின் சொல்லே போதும் என்றிருந்தது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். கோவலன் உயிரோடு இருந்தபோது அந்த நொடியைச் செலவிட அரண்மனையில் ஆளில்லை. சிலம்பு அவர்கள் கையில்தான் இருந்தது. கடைசியில் சோதனையைச் செய்து காட்டியது, எல்லாவற்றையும் இழந்து வந்த பெண். சந்தேகத்தின் செலவு முழுவதையும் அவளே ஏற்றாள்.

*

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் பேச வேண்டும், ஏனென்றால் அதில் வலு இருக்கிறது. செயலாளர் என்னிடம் சொன்னது: "சார், நீங்க ஒருத்தர் கட்டலைன்னா அந்தக் காசு மத்த 83 வீட்டு மேல விழும். லாரிக்காரன் காத்திருக்க மாட்டான். எல்லாரும் சந்தேகம் சந்தேகம்னு கிளம்பினா நான் எத்தனை பெட்டியைத் திறப்பேன்?" உண்மைதான். எதையும் நம்பாமல் ஒரு பொது ஏற்பாடும் நடக்காது. பெரும்பாலான நாட்களில் மீட்டர் சரியாகத்தான் இருக்கும். தண்ணீரைத் தாராளமாகத் திறந்துவிட்டு மீட்டரைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் இலவசம் அல்ல, யாராவது அதற்குக் கட்டியாக வேண்டும். அப்படியானால் கேள்வி, யார் கட்டுவது நியாயம் என்பது.

நம் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. 2024 ஜூலையில் அமலான புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஒரு விஷயம் குறிப்பாக ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்குமானால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. சட்டமே தரும் உதாரணம் ரயில் பயணம். டிக்கெட் இல்லாமல் வந்தாய் என்று ஒருவர் மேல் குற்றம் சாட்டினால், டிக்கெட் இருந்தது என்று காட்ட வேண்டியது பயணி. அவர் பையில்தான் அது இருக்கும். பரிசோதகர் 'இல்லை'யை நிரூபிக்க முடியாது.

இதே அளவுகோலை மீட்டருக்கு வையுங்கள். பெட்டியின் சாவி யாரிடம்? மணிவாரிக் கணக்கு யாரிடம்? 'சில இடத்தில் இப்படி வரும்' என்ற அறிவு யாரிடம்? டிக்கெட் அவர்கள் பையில் இருக்கிறது. என்னிடம் இருந்ததெல்லாம் 'நாங்கள் ஊரில் இல்லை' என்ற ஒரு வாக்கியம். நம்பிக்கையை மீட்டருக்குச் சாதகமாகவே தொடங்குங்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த நம்பிக்கையின் பலனை அனுபவிப்பவர், கேட்டவுடன் கையைத் திறந்து காட்டக் கடமைப்பட்டவர். காட்ட மறுக்கும் நிமிடத்தில் நம்பிக்கை காலாவதியாகிவிடுகிறது. ஐந்து வாரமும் ஆறு மின்னஞ்சலும் இழுத்த என் விவகாரத்தில் உண்மையைக் கண்டுபிடிக்க ஆன செலவு ஒரு துணி, ஒரு நிமிடம்.

*

பணம் திரும்பி வந்தது, அடுத்த மாத பில்லில் கழித்துக்கொண்டார்கள். நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. மற்ற வீடுகளின் பெட்டிகளையும் திறந்து பார்த்தபோது மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் மீட்டரிலும் இதே கோளாறு இருந்தது. மகள் வீட்டுக்கு அடிக்கடி போய்வருபவர். மூன்று மாதமாகக் கூடுதல் தொகையைச் சத்தமில்லாமல் கட்டியிருக்கிறார். சத்தமில்லாமல் என்றால் சும்மா இல்லை. பிளம்பரை இரண்டுமுறை கூப்பிட்டுக் குழாய்களையெல்லாம் மாற்றியிருக்கிறார். வாஷிங் மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் துவைத்திருக்கிறார். ராத்திரி எழுந்து ஒவ்வொரு டேப்பாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

"ஏன் டீச்சர், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"மெஷின் பொய் சொல்லுமா தம்பி? வயசாகுதுல்ல, நான்தான் எங்கேயோ கோட்டை விடுறேன்னு நெனச்சேன்."

தவறான அளவீடு செய்யும் உண்மையான சேதம் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது முதலில் பணத்தை எடுத்துக்கொள்கிறது. பிறகு, ஒருவருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்ததை எடுத்துக்கொள்கிறது. குழாயை மூடினேன் என்று கை சொல்கிறது. மூடவில்லை என்று எண் சொல்கிறது. எண்ணுக்குப் பின்னால் ஒரு நிறுவனம், ஒரு சங்கம், 83 வீட்டு வழக்கம் நிற்கும்போது, தனி ஆள் தன் கையின் நினைவைக் கைவிடுகிறார். பிரிட்டனின் கிளை அஞ்சலகக்காரர்களில் பலரும் இதைத்தான் செய்தார்கள். எங்கோ தாங்களே தப்பு செய்திருக்க வேண்டும் என்று நம்பி, சேமிப்பையும் கடனையும் போட்டு, இல்லாத பள்ளத்தை நிரப்பினார்கள். கடன் வாங்கிக் கட்டிய பணம் என்றாவது திரும்பலாம். தன் புத்தியை நம்பாமல் கழித்த வருடங்களை எந்த பில்லில் கழித்துக்கொடுப்பது?

நான் பொறியியல் படித்தவன். சுவிட்ச், துடிப்பு, சர்வர் பாஷை தெரியும். எதிராளி மழுப்பும்போது எந்த இடத்தில் மழுப்புகிறார் என்று தெரியும். வேலைக்கு நடுவே மின்னஞ்சல் எழுத முடியும். எனக்கு நியாயம் கிடைத்தது இவற்றால்தான். அப்படியென்றால் அது நியாயமா, இல்லை வாதத்திறனுக்குக் கிடைத்த பரிசா? சென்னையில் வாடகைக்குக் குடியிருந்த யாரையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் 2016இலிருந்து இலவசம். பல வாடகை வீடுகளில் அந்த இலவசம் குடித்தனக்காரரின் கதவு வரை வருவதில்லை. உள்ளே ஒரு துணை மீட்டர், யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை, அவர் எழுதி நீட்டும் துண்டுச்சீட்டுதான் பில். முத்திரை கிடையாது, மூன்றாவது ஆள் கிடையாது. "மீட்டரைச் செக் பண்ணலாமா அண்ணே" என்று கேட்டால் அடுத்த மாதம் வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும். அங்கே சந்தேகத்தின் செலவு வீடுதான்.

*

அரசின் சட்டங்களில் இந்தச் செலவைப் பற்றி யோசித்த தடயங்கள் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். 1910ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், மீட்டர் சரியா தவறா என்ற தகராறை மின் ஆய்வாளர் என்ற மூன்றாவது ஆளிடம் விட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஏற்பாடு இருக்கிறது. பில்லில் தகராறு என்றால், கேட்கப்பட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படியான தொகை, இரண்டில் எது குறைவோ அதை 'ஆட்சேபத்துடன்' கட்டலாம். தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. ஒருவர் பணமும் முடங்காமல், இன்னொருவர் வீட்டு விளக்கும் அணையாமல், சந்தேகம் உயிரோடு இருக்க ஓர் இடம். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் இன்னும் ஒரு படி போகின்றன. கணக்கு ஒத்துவரவில்லை என்று நுகர்வோர் புகார் செய்தால், ஐந்து நாளுக்குள் இன்னொரு மீட்டரைப் பக்கத்தில் மாட்டிக் குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சாட்சிக்கு இன்னொரு சாட்சி. காகிதத்தில் இருப்பது நடைமுறையில் எவ்வளவு நடக்கும் என்பது வேறு பேச்சு. ஆனால் பொறுப்பு எந்தப் பக்கம் என்பதைக் காகிதம் சரியாகச் சொல்கிறது.

இதையெல்லாம் இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. நாடு முழுக்க 25 கோடி மின் மீட்டர்களை முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டர்களாக மாற்றும் இலக்கோடு மத்திய அரசின் திட்டம் 2021இலிருந்து நடக்கிறது. அவற்றுக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய உண்டு. கணக்கெடுக்க வருபவர் தாமதித்ததால் யூனிட் அடுத்த படிக்கு ஏறும் தொல்லை இருக்காது. மணிவாரிக் கணக்கை நாமே பார்க்கலாம். ஆனால் முன்பணம் என்பது வரிசையை மாற்றிவிடுகிறது. இதுவரை முதலில் பில் வந்தது, பிறகு நாம் பணம் கட்டினோம். நடுவில் பதினைந்து இருபது நாள். பில்லைப் படிப்பது, பக்கத்து வீட்டில் கேட்பது, 'இது சரியில்லையே' என்று சொல்வது எல்லாம் அந்த நாட்களில்தான் நடந்தது. முன்பண மீட்டரில் கோரிக்கையும் கழிவும் ஒரே நொடி. தப்பாக எண்ணினால் காசு போய்விட்டிருக்கும், இருப்பு தீர்ந்தால் கரண்டும் போய்விடும். பில்லை மறுப்பவராக இருந்தவர் பணத்தைத் திருப்பிக் கேட்பவராக மாறிவிடுவார். கொடுக்காமல் இருப்பவரின் பேச்சுக்கு ஒரு எடை உண்டு. கொடுத்துவிட்டுக் கேட்பவரின் பேச்சுக்கு அது கிடையாது.

அந்த மீட்டர் உங்கள் வீட்டுக்கு வரும் நாளில் மாட்ட வரும் ஆளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எண் கண்ணுக்குத் தெரியும்படி இருக்குமா? மணிவாரிக் கணக்கு என் கைக்கு வருமா? நான் ஆட்சேபம் சொன்ன தொகை, விசாரணை முடியும்வரை என் இருப்பிலிருந்து கழியாமல் நிற்குமா? அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம், அவர்மேல் கோபப்பட வேண்டாம். பதில் தெரிந்தவர் யார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்காக இல்லாவிட்டாலும், ராத்திரி எழுந்து டேப்பைத் தொட்டுப் பார்க்கும் யாரோ ஒருவருக்காக.